பின்பாரம்

என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இதை நானாகச் சொல்லவில்லை. உடும்பஞ்சோலையில் மொய்தீன் கடையில் ஏலக்காய் மூட்டை நிறுக்கும் தராசு சொன்னது. எடையைக் கேட்டால் மற்ற பெண்கள் பேச்சை மாற்றுவார்கள். நான் மாற்றுவதில்லை. அந்தத் தொண்ணூற்றிரண்டு கிலோ இல்லாவிட்டால் என் அண்ணன் மகன் செல்லத்துரையின் வண்டி எந்த மழைக்காலத்திலும் மேடு ஏறியிருக்காது.

எங்கள் மலையில் நாலு நாள் மழை விழுந்தால் ரோடு என்பது வெறும் சேறுதான். ஏற்றத்தில் வண்டியின் பின்சக்கரம் பிடி கிடைக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னால் பாரம் ஏற்றினால் சக்கரம் மண்ணில் அழுந்தி மேலே போகும். அதற்குப் பின்பாரம் என்று பெயர். சிலர் கல்லை ஏற்றுவார்கள், சிலர் உர மூட்டையை ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் என்னை ஏற்றினார்கள். பதினோரு வருஷம் எங்கள் ஜீப்பின் பின்கதவில் காலைத் தொங்கப்போட்டு, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வந்தவள் நான்.

கல்லுக்கும் எனக்கும் வித்தியாசம் உண்டு. சக்கரம் வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் உட்கார்ந்த இடத்தில் ஒரு நடுக்கம் வரும். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். உடனே தகரத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் காலை எடு. நடுக்கம் அடங்கியதும் இரண்டு தட்டு. இரண்டு என்றால் காலைக் கொடு. செல்லத்துரை என் தட்டுக்கு ஆக்சிலேட்டரை மிதிப்பான், எடுப்பான். ஊரில் அவனுக்கு நல்ல டிரைவர் என்று பெயர். அந்தப் பெயரில் பாதி என்னுடையது என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் போடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருக்கு மலைக்குளிர் ஆகாது, எனக்கு அவர் ஆகாது. மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்வோம், இரண்டு பேருக்கும் அதுவே போதும். அண்ணனும் அண்ணியும் போனபிறகு இங்கே செல்லத்துரைக்குச் சோறு போட்டு, தோட்டத்து வேலையாட்களை அதட்டி, மழைக்காலத்தில் ஜீப்பில் பாரமாக உட்கார்ந்து காலம் ஓடியது. அண்ணன் கண்ணை மூடுவதற்கு முன் என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இவனுக்கு ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்றார். அவனுக்கு இப்போது முப்பத்து நாலு வயது. நாலு இடம் பார்த்து நாலும் கூடிவரவில்லை. ராத்திரி படுத்தால் அண்ணன் முகம்தான் வருகிறது.

இந்த நேரத்தில்தான் கார் வந்து சேர்ந்தது. எழுபத்து மூன்றில் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கிளம்பும்போது தன் சிவப்புக் காரை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். ரேஸ் ஓட்டுகிற ஜாதிக் காராம். இரண்டே இரண்டு சீட்டு. உட்கார்ந்தால் ரோடு முதுகில் உரசும். கதவு என் முழங்கால் உயரம். இஞ்சினுக்குப் பலமோ பலம், ஆனால் பின்பக்கம் தக்கை மாதிரி லேசு. வெயில் காலத்தில் பறக்கும். மழை வந்ததும் எங்கள் வீட்டு வாசல் ஏற்றத்தையே ஏறாமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது.

டிக்கி மேல் பெட்டி கட்டுவதற்கு ஒரு கம்பித் தட்டு இருந்தது. அதில் கம்பளியை நாலாக மடித்துக் கட்டி நான் ஏறி உட்கார்ந்தேன். கார் ஒழுங்காக ஏறியது.

அன்றைக்குப் பிடித்தது வம்பு. மொய்தீன் கடையில் தினமும் பஞ்சாயத்து, இந்த மாதிரிக் காருக்குப் பின்பாரம் வைக்கலாமா கூடாதா என்று. மொய்தீன் பாலக்காட்டுக்காரர், இருபது வருஷமாக எங்களிடம் ஏலக்காய் வாங்குகிறவர். லாரிக்கும் ஜீப்புக்கும் வைக்கலாம், ரேஸ் காருக்கு வைத்தால் அது காருக்கே கேவலம் என்பது அவர் கட்சி. வழுக்கி ஓடையில் விழுந்தால் அது கேவலம் இல்லையா என்று நான் கேட்டேன். அத்தை இருக்கும்வரை செல்லத்துரைக்கு ஓட்ட வராது, அத்தை முதுகில்தான் ஓட்டுகிறான் என்று கடையில் இருந்த யாரோ ஒரு காலிப்பயல் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். செல்லத்துரையும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு பையன் ஆள் மாறிவிட்டான். நன்றாக ஓட்டுகிறவனுக்குக் கால்தான் எல்லாம், மற்றதெல்லாம் ஊன்றுகோல் என்று பேச ஆரம்பித்தான். வெயில் நாளில் மட்டும் என்னை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா அத்தை என்பான். காய்ந்த ரோட்டில் கழுதைகூட ஓட்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஐப்பசியில் மொய்தீனே ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். உடும்பஞ்சோலைக்கு மேலே நாலு மைலில் பெரியமுத்து என்றொருவர், பத்து ஏக்கர் ஏலத்தோட்டம். ஒரே மகள் வேலுத்தாய், வயது இருபத்தாறு. பெண் தங்கமானது என்றார் மொய்தீன். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஏலக்காயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷன் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தையில் முடித்தால் ஏதோ இருக்கிறது. மாப்பிள்ளை எப்பேர்ப்பட்ட ஏற்றத்தையும் ஒற்றை ஆளாகக் காரில் ஏறுவார் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பெண் பார்க்கும் நாள் காலையிலிருந்து தூறல். ஜீப்பில் போகலாம் என்றேன், காரில்தான் போக வேண்டும் என்று நின்றான் செல்லத்துரை. மொய்தீன் முன்னாடியே நடந்து மேலே போய்விட்டார். பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த தாம்பாளத்தை அத்தைக்காரிதான் ஏந்திக்கொண்டு வாசல் மிதிக்க வேண்டும், ஆகையால் என்னைக் கூட்டிப் போகாமல் முடியாது. சின்னாளப்பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கார் அருகே போனேன். முன் சீட்டில் தாம்பாளம் உட்கார்ந்திருந்தது. புதுத் துண்டு போர்த்தி, சாயாமல் இருக்கத் தலையணை முட்டுக் கொடுத்து, ஒரு மகாராணிக்கு உண்டான மரியாதையோடு. நான் வழக்கம்போல டிக்கி மேல் ஏறினேன். அன்றைக்கு அது தப்பாகவே தோன்றவில்லை, பழக்கம் அப்படி.

மூன்றரை மைல் தட்டித் தட்டி ஏற்றிவிட்டேன். கடைசி வளைவு வந்தது. அதைத் திரும்பினால் பெண் வீட்டு முற்றம் நேரே மேலே தெரியும், அங்கிருந்து பார்த்தால் ரோடும் தெரியும். அந்த வழியிலேயே மோசமான ஏற்றம் அதுதான். செல்லத்துரை வளைவுக்கு முன்னால் காரை நிறுத்தினான்.

"அத்தை, இங்க எறங்கிக்கங்க. பக்கம்தான், நடந்து வந்திருங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மழை பெய்கிறதே என்றேன்.

"கொடை இருக்குல்ல. மேல இருந்து பாக்குறாக அத்தை. டிக்கியில ஆள வச்சு ஏறுறான்னு நெனப்பாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. வலித்தது. எடுத்து வளர்த்தவளை ஒருவன் ஒளித்துவைக்கப் பார்த்தால் வலிக்காமல் என்ன செய்யும். நான் இறங்கினேன். குடையை விரித்தேன். இந்த வளைவைப் பாரம் இல்லாமல் ஏறிவிட்டால் என் பேரை மாற்றி வைத்துக்கொள் என்று சொன்னேன். கால் இருக்கிறது அத்தை என்றான். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வளைவு முனைவரை நடந்து ஒதுங்கி நின்றேன்.

முதல் கியரைப் போட்டு மிதித்தான். இஞ்சின் மலை அதிரக் கத்தியது. கார் வளைவைத் திரும்பி ஐந்தடி ஏறியது, பத்தடி ஏறியது, நின்றது. பின்சக்கரம் இரண்டும் சுற்றின. சுற்றிய வேகத்தில் சேறு வாரிக் குடைக்குக் கீழே புகுந்து என் சேலையில், கழுத்தில், வாயில்கூட அடித்தது. வழுக்குகிறதே, காலை எடுக்கலாம் என்று தோன்ற வேண்டாமா? இன்னும் மிதித்தான். கார் பின்பக்கமாக நழுவி, ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, மண்திட்டில் முட்டி நின்றது. உள்ளே தாம்பாளம் கவிழ்ந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டன.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். இருந்தது, என்ன செய்ய. ஒரு நிமிஷம் நன்றாகவே இருந்தது. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தேன். முற்றத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொய்தீன் இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். ஐந்தாவது சம்பந்தமும் போயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் முகம் பட்டப்பகலில் வந்து நின்றது.

முற்றத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். அரக்குப் பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். தலை நிறையப் பூ. வெறுங்கால். பின்னாலேயே ஒரு பெரியவர், போகாத தாயி, போகாத தாயி என்று கெஞ்சிக்கொண்டு பாதிவரை வந்து நின்றுவிட்டார். அவர்தான் பெரியமுத்து. வருகிறவள்தான் வேலுத்தாய். என்னைவிடக் கொஞ்சம்தான் இளைத்தவள். சேற்றில் அவள் வைத்த கால் ஒன்றுகூட வழுக்கவில்லை. மொய்தீன் ஏன் ஒரு வார்த்தையோடு நிறுத்தினார் என்பதில் பாதி எனக்குப் புரிந்தது.

அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராகப் பின்சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து சேற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, பின்டயர் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் காற்றை இறக்கினாள். அப்புறம் டிக்கி மேல் கட்டியிருந்த கம்பளியைப் பார்த்தாள். கம்பளி ஓரமெல்லாம் ஊறிக் கிடந்தது. நடுவில் மட்டும் என் அளவுக்கு நனையாமல் இருந்தது.

"இதுல யாரு உக்காந்து வந்தாக?" என்று செல்லத்துரையைக் கேட்டாள்.

"யாருமில்ல. கம்பளி சும்மாதான்," என்றான் அவன்.

அவள் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை சேறு, சேலையின் பின்பக்கம் மட்டும் காய்ந்த கம்பளி நூல் ஒட்டியிருந்தது. திரும்பவும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும், பொய்யில் நின்றால் நான் போவேன். எதை அவன் விடுவான் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

செல்லத்துரை காரை விட்டு இறங்கினான். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எங்க அத்தை. பதினோரு வருசமா அவுகதான். அவுக தட்டுனாத்தான் எனக்கு ஓட்டவே வரும். நீங்க பாப்பீகன்னு எறக்கி விட்டுட்டேன்."

எனக்குக் கண் கரித்தது. சேறு பட்டது என்று துடைத்துக்கொண்டேன்.

வேலுத்தாய் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"மூணு பேரு வந்து பாத்துட்டு பொண்ணு கனம்னு போயிட்டாக," என்றாள். "அந்தக் கனத்துலதான் எங்க ஜீப்பு ஏறுச்சு. அப்பாவுக்குக் கண்ணு மங்குன பெறகுதான் என்னைய முன்னால விட்டாக. இப்ப நாந்தான் ஓட்டுறேன். அதச் சொல்லக் கூடாதுன்னு மொய்தீன் அண்ணன் சொல்லிட்டாரு."

மீதிப் பாதியும் எனக்குப் புரிந்தது. மொய்தீன் இந்த வீட்டில் என்னை மறைத்திருக்கிறார், எங்கள் வீட்டில் இவளை மறைத்திருக்கிறார். இருபது வருஷமாக எடை போடுகிறவர், தராசின் இரண்டு தட்டையும் ஒரே அளவில் மறைத்திருக்கிறார்.

அவள் காரில் ஏறி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். கியரை ஆட்டிப் பார்த்தாள். பழங்களைப் பொறுக்கித் தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தை வெளியே நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். வழக்கம்போலப் பின்னால் போய்க் கம்பியில் கை வைத்தேன்.

"பெரியம்மா, நீங்க முன்னால வாங்க," என்றாள். அப்புறம் செல்லத்துரையிடம், "நீங்க அங்க ஏறுங்க," என்றாள்.

அவன் எடை ஐம்பத்தெட்டு கிலோ. அதையும் மொய்தீன் தராசில்தான் பார்த்தோம். இதெல்லாம் ஒரு பாரமா என்று கேட்டேன். டயரில் காற்றுக் குறைத்திருக்கிறது, அது மண்ணைக் கவ்வும், பாக்கியைத் தான் பார்த்துக்கொள்வதாக வேலுத்தாய் சொன்னாள். ஒரு தட்டு, இரண்டு தட்டுக் கணக்கை அவளுக்குச் சொன்னேன். எங்கள் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்த காலத்தில் நான் விசிலடிப்பேன் என்றாள். செல்லத்துரை பட்டு வேட்டியோடு டிக்கி மேல் ஏறி, பின்பக்கம் பார்த்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கட்டிய வேட்டிக்கும் அவன் உட்கார்ந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அவள் காரைக் கொஞ்சம் பின்னால் உருட்டி நேராக்கினாள். இரண்டாவது கியரைப் போட்டாள். இஞ்சின் கத்தவில்லை, முனகியது. கார் நகர்ந்தது. பத்தடி ஏறியதும் பின்னாலிருந்து டடக்கென்று இரண்டு தட்டு. அவள் நம்பி மிதித்தாள், சக்கரம் சுற்றியது.

"கண்ண மூடிக்கிட்டு உக்காந்த எடத்துல கேளுடா," என்று திரும்பிக் கத்தினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு தட்டு வந்தது. மெதுவாக, சந்தேகத்தோடு. அவள் காலை எடுத்தாள். நடுக்கம் அடங்கியது. இரண்டு தட்டு. கார் ஏறியது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. பையன் பிடித்துக்கொண்டான்.

நான் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரோடு எதிரே வந்தது. பதினோரு வருஷமாக மழைக்காலத்தில் நான் பார்த்ததெல்லாம் கடந்துபோன ரோடுதான், விட்டுவந்த மரம்தான். வளைவு வருவதற்கு முன் வளைவு தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இருபுறமும் ஏலச்செடி தலையாட்டியது, முற்றம் கிட்டே கிட்டே வந்தது. எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும்போல் இருந்தது. கார் தாங்காது என்று குதிக்கவில்லை.

முற்றத்தில் பெண் காரை நிறுத்தி இறங்கினாள். நான் தாம்பாளத்தோடு இறங்கினேன். கடைசியாக மாப்பிள்ளை, வந்த ஜனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். பெரியமுத்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்ணைத் தாய் இல்லாமல் வளர்த்துவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நானும் ஒன்றைத் தாய் இல்லாமல்தான் வளர்த்திருக்கிறேன், அதோ சேற்றைத் தட்டிக்கொண்டு நிற்கிறது என்றேன். மொய்தீன் எந்தத் தூணுக்குப் பின்னால் நின்றாலும் வயிறு தெரிந்தது.

காப்பி வந்தது, பலகாரம் வந்தது. வழக்கப்படி பெரியமுத்து மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தார். நான் தடுத்தேன். இன்றைக்குப் பாரமாக வந்தது மாப்பிள்ளைதான், ஓட்டிவந்தவளை முதலில் கேளுங்கள் என்றேன். செல்லத்துரை டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது, பையனுக்கு இந்தப் பெண் வேண்டும். இதற்கு முன் நாலு வீட்டில் அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

வேலுத்தாய் கதவுக்குப் பின்னால் போகவில்லை. நேராகவே சொன்னாள்.

"கீழ போகும்போது பெரியம்மா எங்க உக்காந்து போறாகன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

தாம்பாளம் அவர்கள் வீட்டிலேயே தங்கியது. காரின் முன் சீட்டுக் காலியாக இருந்தது. நாங்கள் காருக்கு வந்தோம். மழை விட்டிருந்தது. முற்றத்தில் எல்லாரும் நிற்க, வேலுத்தாயை மட்டும் காணவில்லை. செல்லத்துரை ஓடிவந்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் விட்டேனா? நடந்து பின்னால் போனேன். கம்பியில் ஒரு கையை வைத்தேன். கம்பளியைத் தட்டிச் சரிசெய்தேன். ஒரு காலைத் தூக்குவதுபோலச் சேலையைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

"அத்தை," என்றான் அவன். முப்பத்து நாலு வயசுக்காரன் அழுதுவிடுவான்போல நின்றான். வளைவில் இறக்கிவிட்டதற்கு இது சரியாகிவிட்டது என்று எனக்குள் கழித்துக்கொண்டு, திரும்பி வந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் கதவைச் சாத்தி, ஓடிப்போய் ஓட்டுகிற பக்கம் ஏறி, இஞ்சினைக் கிளப்பினான். ஆனால் நகர்த்தவில்லை. அவளைத் தேடி முற்றம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முற்றத்து ஓரத்துக் கொட்டகையில் நின்ற பெரியமுத்துவின் ஜீப்பிலிருந்து ஹாரன் ஒரு தடவை அடித்தது.

ஒன்று. ஒன்று என்றால் காலை எடு. செல்லத்துரை ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைத் தளர்த்திவிட்டான். அந்தக் கழுதை எங்களை எத்தனை நேரம் அப்படி வைத்திருந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு கேட்டால், ஒரு நொடிதான் பெரியம்மா என்கிறாள்.

இரண்டாவது ஹாரன் அடித்தது. அவன் காலைக் கொடுத்தான்.